சாத்தனூர் அணையில் ஒரு காணும் பொங்கல்

அணையின் படிக்கட்டில் பாதி ஏறி, மூச்சு வாங்க நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். மேலே, கைப்பிடிச் சுவர் ஓரமாக, என் கணவர் ஒரு போட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறார் என்று எனக்குக் கேட்கவில்லை. காணும் பொங்கல் கூட்டம், பீப்பி ஊதும் பிள்ளைகள், கீழே எங்கோ மதகு வழியாகத் தண்ணீர் இறங்கும் இரைச்சல்.

அவர் தன் தோளுக்குச் சமமாகக் கையை நீட்டிக் காட்டினார். இவ்வளவு உயரம் என்பது போல. பிறகு இரண்டு கைகளையும் மடக்கி, இடுப்பில் குழந்தையை வைத்திருப்பது போல் நின்று காட்டினார். போட்டோக்காரர் இல்லை என்று தலையாட்டினார். என் கணவர் மறுபடியும் தோளுக்குக் கையைக் கொண்டுபோனார்.

அது என் உயரம் இல்லை. நான் அவர் காது வரை வருவேன்.

சென்ற வாரம் இங்கே நான் பால்வாடி நாட்களைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பழைய தோழி ஒருத்தி போனில் பிடித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் எழுதற. உன் கல்யாணத்த மட்டும் ஏன் தாண்டித் தாண்டிப் போற?" என்றாள். உண்மைதான். எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் தாண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் படிக்கட்டிலிருந்து தொடங்கினால் எனக்குச் சொல்ல வரும் என்று இப்போது தோன்றுகிறது.

உப்புக் காலோடு ஒருத்தி

மரக்காணத்துக்கு வெளியே, உப்பளங்களை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் நான் பால்வாடி டீச்சராக இருந்தேன். சிறு வயதில் வந்த காய்ச்சல் ஒன்று என் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்து எழுவேன். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காபி குடித்தார்கள். நான் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே நடப்பதைப் பார்த்தார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். முப்பது தாண்டியதும் வருவதும் நின்றுபோனது. அண்ணன் வீட்டில் இருந்தேன். பால்வாடிப் பிள்ளைகள் இருந்தார்கள். பெரிய குறை ஒன்றும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே சுகந்தி என்று ஒரு பெண் குழந்தை வந்தது. அதன் அம்மா அஞ்சலை. உப்பளத்தில் வேலை. விடிவதற்கு முன்பே போய்ப் பாத்தியில் உப்பு வாரிக் கூட்டிவிட்டு, வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் பிள்ளையை அழைத்துப்போக வருவாள். முழங்கால் வரை உப்பு பூத்து வெள்ளையாக இருக்கும். உள்ளே வந்தால் தரை நமுத்துப்போகும் என்று வாசல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நிற்பாள்.

"டீச்சர், இன்னிக்கி துன்னாளா எம் பொண்ணு? வூட்ல ஒரு வாய் வாங்க மாட்டறா. உங்க கையில மட்டும் இன்னா வெச்சிருக்கீங்க?"

"பருப்புச் சாதம்தான் அஞ்சல. வேற இன்னா?"

"அத்தயேதான் நானும் ஆக்கறேன். கழுத, மூஞ்சத் திருப்பிக்குது."

இதைச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். தினமும் ஏறக்குறைய இதே பேச்சுதான். ஆனாலும் அவள் வராத நாளில் எனக்கு மத்தியானம் நீண்டுகொண்டே போகும்.

அவள் கணவர் ஏழுமலை, உப்பு லாரி ஓட்டுபவர். அவரை நான் ஒன்றிரண்டு முறை தூரத்தில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் எங்கள் கரையில் நடந்தது உலகத்துக்கே தெரியும். நான் விவரிக்கப் போவதில்லை. அஞ்சலை மீன் வாங்கப் போயிருந்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கூடையை இடுக்கிக்கொண்டு மற்றப் பெண்களோடு கரைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் போவதுதான். ஏழுமலை ஆற்காட்டுப் பக்கம் லோடு இறக்கிக்கொண்டிருந்தார்.

அவர்கள் வீடு உப்பங்கழி ஓரம், பள்ளத்தில் இருந்தது. கழி வழியாக ஏறி வந்த தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து, மாலைக்குள் வடிந்தும்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி சுகந்தியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியிருந்தாள். தகரப் பெட்டியில் இருந்த புடவை, பத்திரம், கல்யாண ஆல்பம் எல்லாம் சேற்றோடு சேறாக ஒட்டிக்கொண்டன. அஞ்சலையை இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அடையாளம் காட்டினார்கள். மெட்டியை வைத்துத்தான் ஏழுமலையால் சொல்ல முடிந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

சுகந்தி மறுபடி பால்வாடிக்கு வர ஆரம்பித்தபோது அவளுடைய அத்தை கொண்டுவந்து விடுவாள். மத்தியானம் ஆனதும் குழந்தை கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான் ஊட்டினால் சாப்பிடும். வேறு யார் கொடுத்தாலும் வாயைத் திறக்காது.

அது ஒன்றே காரணமாக எனக்கும் ஏழுமலைக்கும் கல்யாணப் பேச்சு வந்தது. அந்த அத்தைதான் என் அண்ணனிடம் வந்து பேசினாள். நான் அவரைத் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும் என்றேன். பால்வாடி வாசலில், அஞ்சலை நிற்கும் அதே இடத்தில், அவர் வந்து நின்றார்.

"புள்ள உங்ககிட்ட நல்லா இருக்குதுங்க டீச்சர். எனக்கு வேற எதுவும் சொல்லத் தெரியல" என்றார்.

எனக்கும் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. ஆவணியில் ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். ஊருக்குள்ளேயே ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம்.

சுகந்தி என்னை "டீச்சர்" என்று கூப்பிடுவாள். அம்மா என்று கூப்பிடச் சொல்லி அவள் அத்தை மிரட்டிப் பார்த்தாள். நான்தான் விட்டுவிடச் சொன்னேன். இன்று வரைக்கும் டீச்சர்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. அவர் நல்ல மனிதர். குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், லோடு போய்த் திரும்பும் ஊர்களிலிருந்து மலிவாகக் காய்கறி வாங்கி வருவார். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். சுவரையோ தட்டையோ பார்த்துக்கொண்டு "சாப்ட்டியா?" என்பார். நான் இடது பக்கம் சாய்ந்து நடப்பதைக்கூட அவர் கவனித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

கடல் வேண்டாம்

எங்கள் பக்கத்தில் காணும் பொங்கலென்றால் கடற்கரைதான். கட்டுச்சோறு, கரும்புத் துண்டு, புதுத் துணி போட்ட பிள்ளைகள் என்று ஊரே போய் மணலில் உட்கார்ந்திருக்கும். அலைக்குப் பிறகு வந்த முதல் பொங்கலை யாரும் கொண்டாடவில்லை. அடுத்த பொங்கலுக்குப் பானை வைத்தார்கள். ஆனால் கரைக்குப் போகலாம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

போகிக்கு முதல் நாள், அவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "காணும் பொங்கலுக்கு சாத்தனூர் டேம் போலாமா? புள்ளைக்கு மொதலைங்களக் காட்டலாம். உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்."

உனக்கும் என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று நாளும் நான் என்னென்னவோ நினைத்தேன். மழைக்காலம் முழுக்க உப்பளத்தில் வேலை இல்லை, லாரியும் சும்மா நின்றது. கையில் இருந்ததைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்துகொண்டிருந்த நேரம். அப்படியும் ஒரு மனிதர் வெளியூர் கூட்டிப்போகிறேன் என்றால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கத்தானே வேண்டும்?

அந்த அணையைப் பற்றி எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். என் சின்ன அத்தை, கல்யாணம் ஆன புதிதில், அது கட்டப்படும் இடத்தில் கூலி வேலை செய்தவள். "அந்தச் செவுத்துல எந்தலச் சொம எவ்ளோ இருக்குது தெரியுமா?" என்பாள். காட்டுக்கு நடுவே கூடாரம் போட்டுத் தங்கியதையும், கலவைச் சட்டியோடு சாரத்தில் வரிசையாக ஏறியதையும், தண்ணீரை நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் மூழ்கப்போகும் இடத்தில் இருந்த சில குடிகள் கதவு நிலைகளைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதையும் சொல்வாள். வேலை முடிந்து எல்லாரையும் அனுப்பிய பிறகு அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. ஏரி நிரம்பினால் எப்படி இருக்கும் என்று பார்த்ததும் இல்லை. "நெறஞ்சி நின்னா நல்லாத்தான் இருக்கும்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வாள்.

அவளுக்காகவும் சேர்த்துப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று நினைத்தேன்.

பூ வாங்கிக் கொடுத்தார்

விடியற்காலையில் எழுந்து எலுமிச்சைச் சாதம் கிளறினேன். உருளைக்கிழங்கு வறுவல், மிஞ்சிய கரும்பு, சுகந்திக்கு நாலு வடை. கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். அரக்குக் கலர். அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் கட்டியிருந்தேன்.

திண்டிவனம் போகும் முதல் பேருந்தில் உட்கார்ந்தோம். உப்பளப் பாத்திகளில் மழைத் தண்ணீர் இன்னும் வடியாமல் நின்றது. வானம் வெளுக்க வெளுக்க அந்தத் தண்ணீரும் வெளுத்துக்கொண்டு வந்தது. திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ்ஸுக்கு அடிதடி. அவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு எனக்கும் குழந்தைக்கும் இடம் பிடித்தார். செஞ்சி தாண்டும்போது, கல்லை அடுக்கி வைத்த மாதிரி இருந்த மலைகளைப் பார்த்துவிட்டு சுகந்தி, "இத்த யாரு டீச்சர் கொட்டி வெச்சாங்க?" என்று கேட்டாள். உப்பை அம்பாரமாகக் கொட்டி வைத்தே பார்த்த பிள்ளை. அவர்கூடச் சிரித்தார்.

திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் அணைக்குப் போகும் வண்டிக்காக நின்றபோது அவர் எங்கோ போய்விட்டு வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம். மல்லிகை.

"வெச்சிக்க" என்று நீட்டினார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்காக வாங்கிய முதல் பூ. கண்ணாடி இல்லாமல், கையால் தடவிப் பார்த்து வைத்துக்கொண்டேன். சுகந்திக்கும் ஒரு துண்டு கிள்ளி வைத்தேன். அணை வரைக்கும் அந்த வாசனையோடுதான் போனேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"இவங்க டீச்சர்"

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது. அணை முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. சுற்றிலும் காட்டு மலைகள். அவற்றின் மடிப்புகளுக்குள்ளெல்லாம் தண்ணீர் போய் ஒதுங்கி நின்றது. கீழே பூங்கா, சிமெண்டு பொம்மைகள், வறுத்த மீன் வாசனை, சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் காத்திருக்கும் குரங்குகள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். மதகு இரைச்சலைக் கேட்டதும் எனக்கு மட்டும் அந்த ஞாயிறு நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அப்படித்தான் ஆகும். சுகந்தியின் கையை இறுக்கிக்கொண்டேன்.

"நீ மெதுவா ஏறி வா. நான் முன்ன போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் படிகளில் கிட்டத்தட்ட ஓடினார்.

பிறகு நடந்ததைத்தான் முதலில் எழுதினேன்.

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் போட்டோக்காரரின் பலகைக்கு முன் குனிந்து நின்றிருந்தார். இங்கே எடுத்த படங்களை மாதிரிக்காக பிளாஸ்டிக் உறையில் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர் ஒவ்வொரு படமாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போனார். கடைசி வரிசை முடிந்ததும் மறுபடியும் முதல் வரிசைக்கு வந்தார்.

"யாரத் தேடறீங்க?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. போட்டோக்காரர் வயதானவர், பாஷா பாய் என்று அங்கே எல்லாரும் கூப்பிட்டார்கள். அவர்தான் எனக்குப் பதில் சொன்னார்.

"இவரு சம்சாரத்த நாலஞ்சி வருசம் முன்ன நாந்தான் இங்க வெச்சி போட்டோ எடுத்தேனாம்மா. கைல கொழந்தையோட. லாரில வந்தாங்களாம். அந்த நெகட்டிவ் இருக்குதான்னு கேக்கறாரு." கொஞ்சம் நிறுத்தி, என் புடவையையும் பூவையும் பார்த்தார். "நீங்க அந்தம்மாவோட தங்கச்சிங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி சொன்னாள்: "இவங்க டீச்சர்."

பாஷா பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு எப்படிப் புரியும்?

எனக்குப் புரிந்துவிட்டது. திருவண்ணாமலையில் லோடு இறக்கிவிட்டு அஞ்சலையையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். படம் எடுத்திருக்கிறார். படம் தபாலில் வந்து, தகரப் பெட்டிக்குள் இருந்து, சேறாகிப் போயிருக்கிறது. காணும் பொங்கல் அன்று வந்தால் எல்லாப் போட்டோக்காரர்களும் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். முதலை, மாறுதல், மல்லிகை எல்லாம் அதற்கு வழித்துணை.

தலையில் இருந்த பூ கனத்தது. பிய்த்துப் போட வேண்டும் போல இருந்தது. குழந்தை பார்த்துக்கொண்டிருந்ததால் போடவில்லை.

மீன் கடையில்

பழைய நெகட்டிவ் எல்லாம் கீழே மீன் வறுக்கும் தன் மனைவியின் கடையில் இருக்கும் என்றார் பாஷா பாய். அவர் முன்னால் இறங்க, என் கணவர் பின்னால் போனார். என்னைப் பார்க்கவே இல்லை. நான் சுகந்தியோடு முதலைத் தொட்டிப் பக்கம் போயிருக்கலாம். கால் போகவில்லை. ஒவ்வொரு படியாக அவர்கள் பின்னாலேயே இறங்கினேன்.

பாஷா பாயின் மனைவி மிளகாய்ப் பொடி தடவிய மீனை எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தாள். பாஷா பாய் உள்ளே தேடிவிட்டு ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். அதில் இருந்ததெல்லாம் அண்மையில் எடுத்தவை.

"அந்த வருசத்துது எங்க?" என்று மனைவியைக் கேட்டார்.

"அதான் ஐப்பசி மழையில கூரை ஒழுகி ஒட்டிக்கிச்சே. நீங்கதான கொண்டுபோய்க் கொட்டினீங்க?"

பாஷா பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆமாம்பா. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போய், பிரிச்சா உரிஞ்சிக்கினு வந்துச்சு. போன ஐப்பசி வரைக்கும் பத்திரமாத்தான் இருந்துச்சு. மூணு மாசம் முன்ன வந்திருக்கக் கூடாதா நீ?"

பிறகு மெதுவாக, "அந்தம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"சுனாமியில" என்றார் என் கணவர்.

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இருந்த அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "யா அல்லா" என்றாள். மீன் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

என் கணவர் கடை வாசலில் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. மடியில் இரண்டு கைகளையும் மல்லாத்தி வைத்துக்கொண்டு, வேலை முடிந்து கூலிக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் அந்தக் கைகளைப் பார்த்த பிறகு அந்தக் கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை.

தள்ளி நின்றேன்

பாஷா பாய்க்கு எங்களை வெறுமனே அனுப்ப மனமில்லை. "வாங்க, ஒரு படம் எடுத்துத் தர்றேன். காசெல்லாம் வேணாம்" என்று வற்புறுத்தி மறுபடி மேலே அழைத்துப் போனார். யாரை எடுத்தாலும் அவர் நிறுத்துவது ஒரே இடத்தில்தான். கைப்பிடிச் சுவர் சற்று வளையும் இடம். பின்னால் ஏரியும் இரண்டு மலையும் விழும்.

"இங்கதான் நின்னாளா?" என்றார் என் கணவர்.

"எல்லாரையும் இங்கதாம்பா நிப்பாட்டுவேன்."

அவர் சுகந்தியைத் தூக்கி இடது கையில் வைத்துக்கொண்டார். பாஷா பாய் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் அந்தாண்ட தள்ளுப்பா. ஆங். அம்மா, நீங்க வந்து இந்தாண்ட நில்லுங்க" என்றார்.

நான் அசையவில்லை. என் கணவர் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். ஒரு கையசைப்பு போதும். அவர் கேமராவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. காலடியில் இருந்த கல் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க ரெண்டு பேரையும் எடுங்க பாய். போதும்" என்றேன்.

அந்தப் படம் மாசி மாதம் தபாலில் வந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் இப்போதும் இருக்கிறது. அவரும் சுகந்தியும் படத்தின் ஓரமாக நிற்கிறார்கள். மீதி முழுக்கத் தண்ணீர். வருகிறவர்கள், ஏன் இப்படி ஓரமாக எடுத்தார்கள் என்று கேட்பதுண்டு. அவர் இருந்தவரை எழுந்து வெளியே போய்விடுவார். சுகந்தி வேலைக்குப் போய், கல்யாணமாகி, தன் வீட்டுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனாள். அவளும் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

திரும்பும்போது

மரத்தடியில் இலையைப் பிரித்தேன். குழந்தை சாப்பிட்டாள். நாங்கள் இருவரும் பிசைந்துகொண்டிருந்தோம். மீதியைக் குரங்கு தூக்கிப் போனது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"சொன்னா நீ வருத்தப்படுவேன்னு நெனச்சேன்."

"இப்போ?"

அவர் கை கழுவ எழுந்தார். சுகந்தி கேட்டுக்கொண்டிருந்ததால் நானும் விட்டுவிட்டேன். முதலைகளைப் பார்த்தோம். அவை அசையாமல் வாயைப் பிளந்தபடி கிடந்தன. உயிரோடு இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றேன்.

திருவண்ணாமலையில் திண்டிவனம் வண்டி கிடைத்தது. எனக்கும் சுகந்திக்கும் ஜன்னலோரம் இடம். அவருக்கு எங்களுக்கு நேர் பின்னால். வெயில் தாழ்ந்து, வயல்களில் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன.

கொஞ்ச தூரம் போனதும் சுகந்தி என் கையைச் சுரண்டினாள். "டீச்சர், எங்கம்மா எப்பிடி இருப்பாங்க?"

"உனக்கு ஞாபகம் இல்லியா?"

"பொடவ ஞாபகம் இருக்குது. மூஞ்சி வர மாட்டேங்குது."

என் பின்னால் சீட்டுக் கம்பியை ஒரு கை இறுகப் பிடிப்பது தெரிந்தது. எனக்கு இருந்த மனநிலையில் நான் பேசாமல் இருந்திருக்கலாம், உங்கப்பாவைக் கேள் என்றிருக்கலாம். அது வாய் வரை வந்தது. ஆனால் என்னிடம் அந்த முகம் இருந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே வெயிலில், தினமும் மத்தியானம், இரண்டு வருஷம் பார்த்த முகம்.

"உன்ன மாதிரிதான் நெத்தி, சின்னதா இருக்கும். சிரிச்சா கண்ணு ரெண்டும் மூடிக்கும். முன்பல்லு ஒண்ணு லேசா தூக்கினாப்ல இருக்கும், அது தெரியக் கூடாதுன்னு மேல் உதட்டால மூடிக்கினு பேசுவாங்க. சிரிக்கும்போது மறந்துபோயிடும்."

"அத்த சொன்னாங்க, ஒரு மச்சம் இருக்குமாமே. எங்க?"

அவர் பின்னாலிருந்து எட்டி, வண்டி ஏறியபின் முதல் முறையாகப் பேசினார். "எடது கன்னத்துல பாப்பா."

"இல்லீங்க" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. "வலது. காதுக்குக் கிட்ட. முடிய ஒதுக்கும்போதுதான் தெரியும்."

திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரை இல்லை, தட்டை இல்லை. என் முகத்தை.

"எனக்கே மறந்துக்கினு வருது நிர்மலா" என்றார். "கண்ண மூடினா அந்த ஆஸ்பத்திரில பாத்த மூஞ்சிதான் நிக்குது. அதுக்கு முன்ன இருந்தது வரவே மாட்டேங்குது. ஒரே ஒரு படம் கெடச்சா போதும்னு பாத்தேன்."

பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேல் அழாததையெல்லாம் அந்த வண்டியில் அழுதார். சுகந்தி பயந்துபோய் என் மடியில் ஏறிக்கொண்டாள். நான் கையைப் பின்னால் நீட்டி அந்தக் கம்பியின் மேல், அவர் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் மறுபடி ஆரம்பித்தேன். உப்புக் காலோடு வாசலிலேயே நின்றதை. வெயிலில் வந்து நின்றதும் முதலில் பிள்ளையைத் தேடிவிட்டுத்தான் நெற்றி வியர்வையைத் துடைப்பதை. ஒரு நாள் எனக்கு முழுசாக ஒரு கோலா மீன் கொண்டுவந்து, வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொண்டு போய், மறுநாள் குழம்பாகவே வைத்து எடுத்து வந்ததை. அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. "அப்பிடியா?" என்றார். அவள் செய்துகொண்டிருந்த இன்னும் பலதும், லாரியில் போய்க்கொண்டிருந்த அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை.

செஞ்சிக்கு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. சுகந்தி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். குழந்தைக்காகத்தானே என்று நான் பேச்சை நிறுத்தினேன். நாக்கும் வறண்டிருந்தது.

"நிறுத்தாத. சொல்லு" என்றார் அவர்.

சொன்னேன்.